கிளர்வுற்ற அணுக்கரு நிலையின் ஆயுளை அளத்தல்: எந்த முறையைத் தேர்வது?

ஹாஃப்னியம்-178இன் ஐசோமர்களுள் (நீண்ட காலம் நிலைக்கும் கிளர்வுற்ற நிலைகளுள்) ஒன்றுக்கு அரை ஆயுள் 31 ஆண்டுகள். டெக்னீசியம்-99இன் ஐசோமர் 6 மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. கார்பன்-12இன் முதல் கிளர்வுற்ற நிலையோ 60 ஃபெம்டோ வினாடி (ஒரு ஃபெம்டோ வினாடி 10⁻¹⁵ வினாடி) அளவிலான சராசரி ஆயுளோடு முடிந்துவிடுகிறது. இத்தனை விரிந்த கால வீச்சை ஒரே கருவியால் தொட முடியாது என்பதால், ஆயுளை அளக்கும் முறைகள் பலவாகப் பெருகியிருக்கின்றன. பாடநூல்கள் அவற்றை ஒரு கால அச்சின் மேல் பட்டைகளாக வரைந்து, உங்கள் நிலையின் ஆயுள் எந்தப் பட்டைக்குள் விழுகிறதோ அந்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகின்றன. அந்தப் படம் முதல் சல்லடைக்குத்தான் உதவும். பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் இடங்களில்தான் உண்மையான தேர்வு நிகழ்கிறது. அங்கே, எந்த முறையின் மிகப் பெரிய பிழையை அதே பரிசோதனைக்குள்ளேயே அளந்து கண்டுகொள்ள முடியுமோ அந்த முறைக்கே முன்னுரிமை தர வேண்டும் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

ஆயுளை ஏன் இவ்வளவு பாடுபட்டு அளக்கிறோம் என்பதும் தேர்வோடு தொடர்புடையதே. காமா கதிரின் ஆற்றல் மட்டும் நிலைகளின் இடைவெளியைச் சொல்லும். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வலிமையை ஆயுள்தான் சொல்லும். மின் நான்முனை வகை மாற்றத்தில் காமா உமிழ்வு வீதம் ஆற்றலின் ஐந்தாம் அடுக்கோடும் மாற்ற வலிமையோடும் நேர்விகிதத்தில் இருப்பதால், ஆயுளில் 10 விழுக்காடு பிழை என்றால் வலிமையிலும் ஏறத்தாழ அதே அளவு பிழை. அணுக்கருவின் உருவம் பற்றிய இரு கோட்பாடுகள் 30 விழுக்காடு வேறுபடும் மதிப்புகளைத் தந்தால் 10 விழுக்காடு பிழையோடு வரும் அளவீடே போதும். அவை 8 விழுக்காடு மட்டும் வேறுபட்டால், அதே அளவீட்டால் ஒரு பயனும் இல்லை. ஆகவே எவ்வளவு துல்லியம் வேண்டும் என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே முறையைப் பற்றிப் பேசத் தொடங்க வேண்டும்.

எண்களோடு பேசுவதற்குச் சமாரியம்-152 வசதியான அணுக்கரு. அதன் அடிநிலைச் சுழற்சிப் பட்டையில் (அணுக்கரு மேலும் மேலும் வேகமாகச் சுழலும் நிலைகளின் வரிசையில்) 2+ நிலை (எண் தற்சுழற்சியையும் + அதன் சமச்சீர்க் குறியையும் காட்டும்) 122 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கேஇவி) ஆற்றலில் உள்ளது. 4+ நிலை 366, 6+ நிலை 707, 8+ நிலை 1125 கேஇவி. அரை ஆயுள்கள் முறையே 1.4 நானோ (10⁻⁹) வினாடி, சுமார் 58 பிகோ (10⁻¹²) வினாடி, சுமார் 10 பிகோ வினாடி, சுமார் 3 பிகோ வினாடி. நான்கு படிகளுக்குள் ஆயுள் ஏறத்தாழ 450 மடங்கு சுருங்குகிறது. உருவமோ பெரிதாக மாறுவதில்லை. 122இலிருந்து 245 கேஇவிக்கு மாற்ற ஆற்றல் இரட்டிப்பானதும், ஐந்தாம் அடுக்கு விதியால் மட்டுமே வீதம் 33 மடங்கு உயர்ந்துவிடுகிறது. ஒரே பட்டையின் உறுப்புகள் வெவ்வேறு முறைகளைக் கேட்பது இதனால்தான். (இங்கே ஒரு சிறு எச்சரிக்கை: சில கட்டுரைகள் அரை ஆயுளையும் சில கட்டுரைகள் சராசரி ஆயுளையும் அட்டவணைப்படுத்துகின்றன, 0.693 என்ற காரணியைக் கவனிக்காமல் இரண்டையும் ஒப்பிட்டுவிட்டால், இல்லாத முரண்பாடு ஒன்று முளைத்துவிடும்.)

நேரடிக் காலக் கணிப்பு

1.4 நானோ வினாடி நிலைக்கு விவாதமே தேவையில்லை. சமாரியம்-152ஆகச் சிதையும் யூரோப்பியம்-152 மூலத்தை இரண்டு லாந்தனம் புரோமைடு சிண்டிலேட்டர்களுக்கு (காமா பட்டால் ஒளிரும் படிக உணர்கருவிகளுக்கு) நடுவே வைத்து, 1408 கேஇவி காமாவைத் தொடக்கக் குறியாகவும் 122 கேஇவி காமாவை முடிவுக் குறியாகவும் கொண்டால், இரண்டுக்கும் இடைப்பட்ட நேரப் பரவல் தெளிவான அடுக்குக்குறிச் சரிவாக விழும். சரிவின் சாய்விலிருந்து ஆயுள் கிடைத்துவிடும். கோட்பாடும் வேண்டாம், மாதிரியும் வேண்டாம். கருவியின் நேரப் பிரிதிறனை விட ஆயுள் பல மடங்கு நீளமாக இருக்கும்வரை, நானோ வினாடிகளிலும் மைக்ரோ வினாடிகளிலும் இதற்கு நிகரான வேறு முறை கிடையாது. மில்லி வினாடிக்கு மேலே போனால் துடிப்புக் கற்றையும் சாதாரண எண்ணியுமே போதும்.

58 பிகோ வினாடியில் கதை மாறுகிறது. இத்தகைய உணர்கருவி இணையின் நேரப் பிரிதிறன் பொதுவாகச் சில நூறு பிகோ வினாடிகள்; ஆகவே சரிவு கண்ணுக்குத் தெரியாது, பரவலின் மையம் சற்று நகர்ந்திருப்பது மட்டுமே தெரியும். அந்த நகர்வையே ஆயுளாகக் கொள்ளலாம் என்ற கருத்தை சோல்டான் பாய் 1950இலேயே முன்வைத்தார். ஆனால் மையம் ஆயுளால் மட்டும் நகர்வதில்லை: காமா ஆற்றல் குறையக் குறைய மின்னணுச் சுற்று நேரத்தைக் குறிக்கும் புள்ளியும் நகர்கிறது. 1980களின் இறுதியில் ஹென்ரிக் மாக் முதலியோர் உருவாக்கிய பீட்டா-காமா-காமா முறையும், பின்னர் கொலோன் குழுவினர் வளர்த்த மைய வேறுபாட்டு முறையும் இந்த நகர்வை அளந்து கழிப்பதற்காகவே எழுந்தவை. மைய வேறுபாட்டு முறையில், ஒரே காமா இணையைத் தொடக்கம்-முடிவு என்றும் முடிவு-தொடக்கம் என்றும் இரு வகையிலும் பதிவு செய்து, இரண்டு மையங்களின் வேறுபாட்டை எடுக்கிறார்கள். அதில் சராசரி ஆயுளின் இரு மடங்கும், அறியப்பட்ட மூலங்களால் அளவுதிருத்தம் செய்யக்கூடிய ஓர் ஆற்றல்சார் திருத்தமும் மட்டுமே மிஞ்சும். கவனமாகச் செய்தால் 10 பிகோ வினாடி வரை இறங்கலாம்.

இதில் மிகப் பெரிய பிழை காலக் கணிப்பில் இல்லை, பின்னணியில் இருக்கிறது. லாந்தனம் புரோமைடின் ஆற்றல் பிரிதிறன் 662 கேஇவியில் சுமார் 3 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 20 கேஇவி. ஜெர்மானிய உணர்கருவியோ அந்தப் பகுதியில் 2 கேஇவிக்கும் குறைவான அகலத்தில் கோட்டைப் பிரித்துக் காட்டும். 245 கேஇவி முகட்டின் அடியில் கிடக்கும் காம்ப்டன் பின்னணி (ஆற்றலின் ஒரு பகுதியை மட்டும் உணர்கருவியில் விட்டுச்சென்ற காமாக்கள்) தனக்கென ஒரு நேரத்தைக் கொண்டிருக்கும். முகட்டுக்கும் பின்னணிக்கும் இடையிலான விகிதம் சிறியதாக இருந்தால், அந்த நேரத்தைத் திருத்துவதில் வரும் ஐயம் ஆயுளையே விழுங்கிவிடும். உடன் சில ஜெர்மானிய உணர்கருவிகளை வைத்து, மூன்றாவது காமாவால் நிறமாலையைத் துப்புரவாக்கும் கலப்பு அமைப்புகள் இந்தக் குறைக்கு நல்ல மருந்து. ஆனால் மும்மடி உடனிகழ்வு (மூன்று காமாக்களும் ஒருசேரப் பதிவாவது) கேட்பதால் எண்ணிக்கை வெகுவாகக் குறையும்.

பிளஞ்சர்

10 பிகோ வினாடி, 3 பிகோ வினாடி நிலைகளுக்கு, தூரத்தையே கடிகாரமாக்கும் பின்னியக்கத் தொலைவு முறை இருக்கிறது; ஆய்வகங்களில் எல்லோரும் பிளஞ்சர் என்றே சொல்வார்கள். மெல்லிய இலக்குத் தகட்டில் உருவான அணுக்கரு, கற்றை தந்த உந்தத்தோடு முன்னே பாய்ந்து வெளியேறுகிறது; அதற்கு இணையாகச் சற்றுத் தள்ளி நிற்கும் தடிமனான தகட்டில் மோதி நின்றுவிடுகிறது. பறக்கும்போது உமிழ்ந்த காமா டாப்ளர் பெயர்ச்சியோடும், நின்ற பிறகு உமிழ்ந்தது பெயர்ச்சியின்றியும் பதிவாவதால், ஒரே மாற்றம் இரண்டு முகடுகளாகப் பிரிகிறது. தகடுகளுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனால் நின்ற முகடு தேய்ந்து, பறந்த முகடு வளரும். அந்த மாற்றத்தின் வேகமே ஆயுள்.

அணுக்கரு ஒளியின் வேகத்தில் 2 விழுக்காட்டில் பறப்பதாகக் கொண்டால், ஒரு பிகோ வினாடிக்கு 6 மைக்ரோமீட்டர் கடக்கும். சமாரியத்தின் 6+ நிலைக்கு அது ஏறத்தாழ 90 மைக்ரோமீட்டர் சராசரித் தூரம். 8+ நிலைக்கு 30 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. அந்த அளவில் தகட்டின் ஒரு சுருக்கமும் கற்றையின் வெப்பத்தால் ஏற்படும் உப்பலும் கணக்கில் வந்துவிடுகின்றன. எனவேதான் தகடுகளை விறைப்பாக இழுத்துக் கட்டி, இரண்டுக்கும் இடையிலான மின்தேக்குத்திறனை இடைவிடாது அளந்து, பீசோ மின் நகர்த்தியால் தூரத்தை நிலைநிறுத்துகிறார்கள். ஒரு பிகோ வினாடிக்குக் கீழே இந்த முறையை இழுப்பது வீண் முயற்சி. இலக்குக்குள்ளேயே பயணம் செய்யும் நேரம் ஆயுளோடு போட்டியிடத் தொடங்கிவிடும்.

இந்த முறையை மற்றவற்றுக்கு மேலாக வைக்கக் காரணம் அதன் வெளிப்படைத்தன்மைதான். கடிகாரத்துக்குத் தேவையான இரண்டு அளவுகளும் பரிசோதனைக்குள்ளேயே கிடைக்கின்றன: வேகத்தை இரு முகடுகளின் இடைவெளியே தருகிறது; தூரத்தை மின்தேக்குத்திறன் தருகிறது. 1989இல் டெவால்டும் உடன் பணியாற்றியோரும் வகுத்த வகைக்கெழு வளைவு முறையில், தகடுகள் ஒன்றையொன்று தொடும் புள்ளி எது என்று கூடத் தெரிய வேண்டியதில்லை, தூர வேறுபாடுகள் மட்டும் போதும். அதோடு, ஒவ்வொரு தூரத்திலும் ஆயுள் தனித்தனியே கணிக்கப்படுகிறது. அந்த மதிப்புகள் ஒரு கிடைக்கோட்டில் நிற்க வேண்டும். கோடு சாய்ந்தாலோ வளைந்தாலோ எங்கோ பிழை இருக்கிறது என்பது ஆய்வாளருக்கு உடனே தெரிந்துவிடும். தன் தவறைத் தானே காட்டிக்கொடுக்கும் இந்தப் பண்பு வேறெந்த முறையிலும் இவ்வளவு தெளிவாக அமையவில்லை.

மேல் நிலைகள் சிதைந்து கீழ் நிலையை நிரப்பும் ஊட்டம் எல்லா நேரடி முறைகளையும் வாட்டும் சிக்கல். 8+ நிலைக்கு மேலேயிருந்து ஏதோ ஒரு மெதுவான நிலை ஊட்டிக்கொண்டிருந்தால், நாம் அளப்பது அந்த நிலையின் ஆயுளைத்தான். பிளஞ்சரில், மேலிருந்து நேராக இறங்கும் காமாவின் பறந்த முகட்டின் மீது மட்டும் கதவு வைத்து (அந்த ஆற்றல் வீச்சை மட்டும் தேர்ந்து) உடனிகழ்வு நிறமாலை எடுத்தால் இந்த ஊட்டச் சிக்கல் அடியோடு நீங்கும். அதற்குப் போதிய எண்ணிக்கை இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. தாழ்ந்த ஆற்றலில் மற்றொரு தடை: 2 விழுக்காட்டு வேகத்தில் 122 கேஇவி காமா அதிகபட்சம் 2.4 கேஇவி மட்டுமே பெயரும். இரண்டு முகடுகளும் ஜெர்மானியத்தின் பிரிதிறனுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். 418 கேஇவிக்கு அது 8 கேஇவிக்கும் மேல், வசதியான இடைவெளி.

டாப்ளர் தணிவு முறை

ஒரு பிகோ வினாடிக்குக் கீழே தகடுகளுக்கு இடையே வெற்றிடம் வைப்பதில் பொருளில்லை. இலக்கின் பின்புறம் தங்கம், ஈயம் போன்ற கனமான உலோகத்தை ஒட்டிவிட்டு, அணுக்கரு அதற்குள் வேகம் குறைந்து நிற்கும் காலத்தையே கடிகாரமாகக் கொள்கிறார்கள். நிற்பதற்கு ஒரு பிகோ வினாடி அளவு ஆகிறது. அதற்குள் சிதையும் நிலையின் காமா கோடு, முழுப் பெயர்ச்சிக்கும் பெயர்ச்சியின்மைக்கும் இடையே இழுபட்ட ஒரு வடிவமாகப் பதிவாகும். அந்த வடிவத்தைக் கணக்கிட்ட வடிவத்தோடு பொருத்தினால் ஆயுள். 10 ஃபெம்டோ வினாடி வரை இதனால் இறங்க முடிகிறது. இந்த வீச்சில் கற்றைப் பரிசோதனைகளுக்கு வேறு எளிய வழி கிடையாது.

குறை எங்கே என்றால், கடிகாரத்தையே நாம் அளக்கவில்லை. அணுக்கருவின் வேகம் எவ்வாறு குறைகிறது என்பது நிறுத்துதிறன் அட்டவணையிலிருந்தோ கணினி நிரலிலிருந்தோ வருகிறது. அதில் 5 முதல் 10 விழுக்காடு ஐயம் சாதாரணம். எத்தனை கோடி நிகழ்வுகளைச் சேர்த்தாலும் அந்த ஐயம் குறையாது. மிக மெதுவான அணுக்கருக்களில், எலக்ட்ரான்களால் ஏற்படும் தடையை விட அணுக்கருக்களோடு மோதிச் சிதறுவது முக்கியமாகி, திசையும் மாறிவிடுகிறது. அங்கே ஐயம் மேலும் கூடும். போதாக்குறைக்கு, இணைவு வினைகளில் தெரியாத பக்க ஊட்டம் வடிவத்தைக் கெடுக்கும். அதை ஏதோ ஒரு மாதிரிப் பட்டையாக அனுமானித்துப் பொருத்தும் கட்டுரைகளில், வெளியிடப்படும் 3 விழுக்காட்டுப் பிழைகளை நான் அப்படியே ஏற்பதில்லை. அவை எண்ணிக்கைப் பிழைகள் மட்டுமே. கடிகாரத்தின் பிழை அவற்றில் அடங்கவில்லை.

ஆனால் இந்த முறைக்கு இரண்டு நல்ல உறவினர்கள் உண்டு. மீட்சியற்ற நியூட்ரான் சிதறலில், நியூட்ரானின் ஆற்றலை வேண்டிய நிலைக்குச் சற்றே மேலாக வைத்தால், அதற்கு மேலே வேறு நிலைகள் கிளர்வதே இல்லை; ஊட்டச் சிக்கல் முளையிலேயே நீங்கிவிடுகிறது. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் பணிகளில் பெரும்பகுதி இதன் மேல் எழுந்தவை. விலை: அணுக்கருவின் வேகம் ஒளியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும், பெயர்ச்சி ஒரு கேஇவி அளவில் நிற்கும், மாதிரியும் கிராம் கணக்கில் தேவை. இன்னொன்று, பிரான்சின் கிரெனோபிள் நகர அணு உலையில் வளர்ந்தது: நியூட்ரானைப் பிடித்த அணுக்கரு முதல் காமாவை உமிழும்போது பெறும் நுண்ணிய உதைப்பையே வேகமாகக் கொள்வது. நிறை எண் 150 உள்ள அணுக்கரு 5 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் காமாவை உமிழ்ந்தால் அதற்குக் கிடைப்பது 90 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றல் மட்டுமே. அதனால் அடுத்த காமாவில் ஏற்படும் சில பத்து எலக்ட்ரான் வோல்ட் அகலிப்பைப் படிக நிறமாலைமானிகளால்தான் காண முடியும். மிக அழகான முறை. நியூட்ரானைத் தாராளமாகப் பிடிக்கும் தனிமங்களுக்கு மட்டுமே ஏற்றது.

ஆயுளைக் காணாமலேயே ஆயுள்

ஓர் அணுக்கருவை மற்றொன்றின் மின்புலத்தால் கிளர்த்தும் கூலோம் கிளர்வு முறையில் ஆயுளை அளப்பதில்லை. கிளர்வின் குறுக்குவெட்டை (அது நிகழும் வாய்ப்பின் அளவை) அளந்து மாற்ற வலிமையைப் பெற்று, அதிலிருந்து ஆயுளைக் கணிக்கிறோம். கதிரியக்கக் கற்றைகளில் நொடிக்குச் சில ஆயிரம் அணுக்கருக்கள் மட்டுமே கிடைக்கும் சூழலில், பல நேரம் இதுவே முதலில் சாத்தியமாகும் அளவீடு. தாழ்ந்த ஆற்றலில், இரு அணுக்கருக்களின் மேற்பரப்புகள் 5 ஃபெம்டோமீட்டருக்கு மேல் விலகியிருக்கும்வரை அணுக்கரு விசை தலையிடாது. ஆனால் குறுக்குவெட்டு 2+ நிலையின் நான்முனைத் திருப்புத்திறனையும் (அணுக்கரு உருவத்தின் அளவையும்) சார்ந்திருப்பதால், வலிமை, உருவம் என்ற இரண்டு அறியாதவை ஒரே எண்ணில் பின்னிக்கிடக்கும். வெளியிலிருந்து ஆயுள் ஒன்று கிடைத்தால்தான் பின்னல் அவிழும். ஆகையால் இதை நேரடி அளவீட்டுக்கு மாற்றாகக் கருதாமல், துணையாகக் கொள்வதே சரி.

உயர் ஆற்றல் கற்றைகளில் என்ன நேரலாம் என்பதற்கு மெக்னீசியம்-32 எடுத்துக்காட்டு. 885 கேஇவியில் உள்ள அதன் 2+ நிலைக்கான வலிமையை ஜப்பானின் ரிகென் ஆய்வகம் 1995இல் 454±78 (e²fm⁴ அலகில்) என்று வெளியிட்டது. அது சுமார் 17 பிகோ வினாடி ஆயுளுக்குச் சமம். 1999இல் மிச்சிகனில் எடுத்த அளவீட்டில் திருத்தமற்ற மதிப்பு 440±55 என்று ஏறத்தாழ அதுவே வந்தது. ஆனால் மேல் நிலையிலிருந்து வரும் ஊட்டத்தைக் கழித்ததும் 333±70 ஆகக் குறைந்தது, அதாவது ஆயுள் சுமார் 23 பிகோ வினாடி. இரு குழுவும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் கண்டன. ஊட்டத்தை எப்படிக் கையாள்வது என்பதில்தான் முடிவு பிரிந்தது. ஊட்டச் சிக்கல் நேரடி முறைகளுக்கு மட்டும் உரியது என்று எண்ணுவோருக்கு இது போதிய பதில்.

அணுக்கரு ஒத்ததிர்வு ஒளிர்வு முறை வேறு வகை. டார்ம்ஸ்டாட்டின் தடையுமிழ்வு ஒளிக்கற்றையோ டியூக் பல்கலைக்கழகத்தின் லேசர்-காம்ப்டன் கற்றையோ நிலையைக் கிளர்த்தி, சிதறிய காமாவை எண்ணி, நிலையின் அகலத்தை (ஆயுளுக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் ஆற்றல் பரவலை) தருகிறது. ஒரு ஃபெம்டோ வினாடி ஆயுள் என்பது 0.66 எலக்ட்ரான் வோல்ட் அகலம். ஜெர்மானியம் அதைக் காணாது, குறுக்குவெட்டு காணும். நிலையான அணுக்கருவில், அடிநிலையோடு இருமுனை அல்லது நான்முனை மாற்றத்தால் இணைந்த, ஃபெம்டோ வினாடி ஆயுள் கொண்ட நிலைகளுக்கு இதைத் தவிர வேறொன்றை நாடத் தேவையில்லை. மற்றவற்றுக்கு இது பயன்படாது. அதிலும் அடிநிலைக்குத் திரும்பும் கிளையின் விகிதம் தெரியாவிட்டால் முழு அகலம் கிடைக்காது.

பட்டைகள் ஏறிக் கிடக்கும் இடங்களில்

10 முதல் 100 பிகோ வினாடி வரை நேரடிக் காலக் கணிப்பும் பிளஞ்சரும் போட்டியிடுகின்றன. நிலை பீட்டா சிதைவால் நிரம்புகிறது என்றால், பிளஞ்சருக்குத் தேவையான வேகமே இருக்காது. சிண்டிலேட்டர் தான் வழி. கற்றை வினையால் நிரம்பினால், மாற்ற ஆற்றல் 200 கேஇவிக்கு மேலிருந்து, நிறமாலை நெரிசலாகவும் இருந்தால் பிளஞ்சரை எடுக்க வேண்டும். நிறமாலை துப்புரவாகவும் ஆற்றல் தாழ்ந்தும் இருந்தால் சிண்டிலேட்டரே மேல். சமாரியத்தின் 4+ நிலை இரண்டுக்கும் வசப்படும் அரிய நிலை என்பதால், புதிய அமைப்பு ஒன்றைச் சோதிக்க நல்ல அளவுகோல்.

ஒரு பிகோ வினாடியை ஒட்டிப் பிளஞ்சரும் டாப்ளர் தணிவும் சந்திக்கின்றன. இங்கே என் தீர்ப்பு ஐயமற்றது: 2 பிகோ வினாடிக்கு மேல் என்று எதிர்பார்க்க வலுவான காரணம் இருந்தால், கூடுதல் கற்றை நேரம் கேட்டாவது பிளஞ்சரைப் பயன்படுத்த வேண்டும். ஆறேழு தூரங்களுக்குக் கற்றை நேரத்தைப் பங்கிட வேண்டியிருப்பது உண்மைதான். கற்றை நேரம் மூன்று நாட்களுக்கும் குறைவு என்றால், எண்ணிக்கையைச் சிதறடிப்பதை விட, ஒரே தடித்த இலக்கில் அனைத்தையும் சேர்ப்பது நல்லது. அப்போதும் நிறுத்துதிறனின் ஐயத்தைத் தனி வரியாகப் பிழையில் சேர்க்க வேண்டும். இயன்றால் ஏற்கெனவே பிளஞ்சரால் அளக்கப்பட்ட அண்டை நிலை ஒன்றை அதே தரவில் மீண்டும் அளந்து, கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அரிய கதிரியக்கக் கற்றைகளில் நிறுத்து தகட்டுக்குப் பதில் வேகத்தைக் குறைக்கும் மெல்லிய தகட்டை வைத்தால், அணுக்கரு மேலும் பறந்து நிறமாலைமானியை அடைந்து அடையாளம் காணப்படும். இரண்டு முகடுகளும் வெவ்வேறு வேகங்களுக்கு உரியவையாகப் பிரியும். ஆனால் அந்தத் தகட்டிலும் வினைகள் நிகழ்ந்து பொய் முகடு எழும் என்பதால், எந்தச் சிதைவும் மிஞ்சாத அளவுக்கு நீண்ட தூரம் ஒன்றில் அதைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். நேர ஒதுக்கீடு கோரும் முன்மொழிவில் இந்த அளவீட்டுக்கென ஒரு பங்கை முதலிலேயே எழுதிவிடுவது நல்லது. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கற்றை அதற்குள் முடிந்துவிடும்.